கருப்பனுக்கு ஒரு ஈரப்பெட்டி

1

போன வாரம் வேலையிடத்தில், மத்தியான இடைவேளையில், முறுக்குத் தின்பதற்காக என் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த டேவ் என்கிற வெள்ளைக்காரன் கடித்த ரொட்டியை மெல்ல மறந்துவிட்டான். அவன் சுருட்டுப் பிரியன். அந்தப் பெட்டி எதற்கானது என்று அவனுக்குத் தெரியும். சுருட்டு காய்ந்துபோகாமல் உள்ளே ஈரப்பதத்தைக் காக்கிற பெட்டி அது. ஹ்யூமிடார் என்பார்கள். என்னிடம் இருப்பது பயணத்துக்கு எடுத்துப்போகிற சின்ன வகை. அதற்குள் எண்ணெயில் பொரித்த தின்பண்டத்தைப் பார்த்ததும், கோயில் உண்டியலில் யாரோ பழைய செருப்பைப் போட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

நீ சுருட்டுப் பிடிப்பாயா என்று கேட்டான். இல்லை, இது ஒரு சாமிக்காக வாங்கியது என்றேன். அவன் ரொட்டிக்குத் திரும்பிவிட்டான். இந்த ஊரில் பேச்சில் சாமி வந்துவிட்டால் மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற நீங்கள் அப்படி விடமாட்டீர்கள். எந்தச் சாமி, எங்கே கோயில், கிடா உண்டா, எம்புட்டுப் பேர் வந்தார்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்பீர்கள். கேட்க ஆளில்லாமல் எனக்கு வாய் அரித்துக்கிடக்கிறது. அதனால் உங்களுக்கே சொல்லிவிடுகிறேன். பேர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் ஊருக்கு வந்துபோக வேண்டாமா?

2

நான் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மனைவி கனகா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியா, நான். எங்கள் குலசாமி அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிற கருப்பன். மாசி மாதம் சிவராத்திரி அன்று பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவோம். சாமிக்கு ஒரு பெட்டி உண்டு. சலங்கை, கச்சை, பட்டுத்துணி எல்லாம் அதில் இருக்கும். யார் மேல் கருப்பன் இறங்கி ஆடுகிறானோ அந்தச் சாமியாடியின் வீட்டில்தான் பெட்டி வருஷம் முழுவதும் இருக்கும். எங்கள் அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் இருந்தது. அவருக்குப் பிறகு என் அண்ணன் தவமணி மேல் சாமி இறங்கியதால் பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அண்ணன் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிசியன் வேலை. மனுஷன் சாதாரண நாளில் பூனை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சட்டையில் பீடி வாசம் அடித்தாலே எழுந்து நின்றுகொண்டு வருவார். ஆனால் கருப்பனுக்குச் சுருட்டு இல்லாமல் பூசை கிடையாது. அருள் வந்து ஆடும்போது பங்காளிகளில் மூத்தவர் சுருட்டைக் கொளுத்திக் கொடுப்பார். சாமி அதைப் புகைத்துக்கொண்டே வாக்குச் சொல்லும். அப்பா ஆடுகிறபோது ஒரு சுருட்டு எரிந்து முடியும்வரை புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

அண்ணன் ஆடிய முதல் வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை, நல்லபடியாகத்தான் ஆடினாராம். கண் சிவந்தது, அரிவாள் மேல் ஏறி நின்றார். பிறகு சுருட்டைக் கொளுத்திக் கொடுத்தார்கள். ஒரு இழுப்பு இழுத்தார். "ஏண்டா மக்களா" என்று வாக்குச் சொல்ல ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது. சும்மா இருமல் இல்லை, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய இருமியிருக்கிறார். பெரியப்பா மகன் ஒச்சப்பன் அண்ணன்தான் அன்றைக்கு நெருப்பு வைத்தவர். அவர் எல்லோர் காதிலும் விழுகிறாற்போலக் கேட்டாராம்:

"ஏப்பா, கருப்பன் இருமுவானா?"

அவ்வளவுதான். வந்திருப்பது சாமியே இல்லை, தவமணி சும்மா ஆடுகிறான் என்று பேச்சாகிவிட்டது. அடுத்த சிவராத்திரிக்கும் இருமினால் பெட்டியை ஒச்சப்பன் அண்ணன் வீட்டுக்கு மாற்றிவிடுவது என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். அண்ணன் அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் டீக்கடையில் உட்காரவே இல்லை. வேலை விட்டால் வீடு என்று ஆகிவிட்டார். அண்ணன் மனைவி பேச்சியம்மாள் மதினிதான் போனில் என்னிடம் இதைச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் அண்ணன் பொய் ஆடுகிற ஆள் இல்லை. பொய்யாக ஒரு நாள் லீவு கேட்கக்கூடத் தெரியாத மனுஷன்.

3

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அண்ணனே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். சுற்றி வளைத்து, பனி எப்படி, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அங்கிட்டு நல்ல சுருட்டா கெடைக்குமாம்ல? போன தடவ வாங்குனது கடையில எம்புட்டு நாளாக் கெடந்துச்சோ, காஞ்ச சருகு கணக்கா தொண்டையக் கிழிச்சிருச்சு. நீ ரெண்டு கொண்டுவாரியா?"

கொண்டுவாரேன் அண்ணே என்றேன். வேறு என்ன சொல்வேன்?

இங்கே என் வேலை கோதுமையின் ஈரம் அளப்பது. ரயிலில் வந்து இறங்கும் தானியத்தில் ஒரு கை எடுத்து, கருவியில் போட்டு, ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்ல வேண்டும். கூடினால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் நொறுங்கும். சுருட்டும் அதே கதைதான் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. காய்ந்த சுருட்டு சூடாக எரியும், புகை காரமாகும், இருமல் வரும். ஈரம் சரியாக இருந்தால் மெதுவாக எரியும், புகை குளிர்ச்சியாக இறங்கும். அண்ணன் சொன்ன 'காஞ்ச சருகு' நூற்றுக்கு நூறு சரியான நோய் நிர்ணயம். எனக்கு வேலையில்கூட வராத உற்சாகம் வந்துவிட்டது.

ஊரில் பெட்டிக்கடைக்குப் போனால் சுருட்டு என்றால் சுருட்டு, கொடுத்துவிடுவார்கள். இங்கே கடைக்காரர் ஒரு கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் நிறுத்தி, யாருக்கு, என்ன பழக்கம், என்ன சந்தர்ப்பம் என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அவர் வழக்கமாக எதைப் புகைப்பார் என்றார். எதையும் புகைக்கமாட்டார், வருஷத்தில் ஒரு நாள் மட்டும், சாமி அவர் மேல் வரும்போது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் எப்படிச் சொன்னேனோ, ஆண்டவன் வந்து அண்ணனை அழைத்துக்கொண்டார் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். நல்லா இருக்கிற அண்ணனை நானே சாகடித்துவிட்டேன். பதறிப்போய், இல்லை ஐயா, உயிரோடுதான் இருக்கிறார், இருமக் கூடாது, அதுதான் முக்கியம் என்றேன்.

இருமக் கூடாது என்றதும் அவர் வெளிர் நிறத்தில் மென்மையான சுருட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பார்க்க நெய்யில் வறுத்த சேமியா நிறம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்பன் கையில் இதைக் கொடுத்தால் ஒச்சப்பன் அண்ணன் என்ன சொல்வார்? சாமிக்குச் சுருட்டு என்றால் கறுப்பாக, தடியாக, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதும் அவர் யோசித்து இன்னொன்றை எடுத்தார். மேலே சுற்றியிருக்கிற இலை கருகரு என்று இருந்தது. உள்ளே மென்மை, லேசாக இனிக்கும் என்றார். அந்த வகைக்கு மதுரோ என்று பேர். மதுரைக்காரனிடம் மதுரோ என்றால் மறுபேச்சு ஏது? சுங்கத்தில் அனுமதிக்கிற அளவுக்குள் வாங்கிக்கொண்டேன்.

4

பிறகு பெட்டி. தோல் உறை ஒன்று அழகாக இருந்தது. மினிஸ்டர் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி. ஆனால் தோல் உறை சுருட்டை நசுங்காமல் காக்குமே தவிர ஈரத்தை நிறுத்தாது. ஒரு பகல் வெளியே போய் வரச் சரி, மதுரை வரை தாங்காது. மரப்பெட்டிக்கு முதலில் உள்பலகையை நாள் கணக்காக ஈரம் குடிக்க வைத்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் மரமே சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வின்னிபெக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று அப்படிக் காயும், உதடு வெடிக்கும், கம்பளியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். இதில் மரத்தை எங்கே பழக்குவது? கடைசியில் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியைத் தேர்ந்தேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், உள்ளே சுருட்டு படுக்கிற அளவுக்குப் பள்ளம் வெட்டிய ஸ்பாஞ்சு, பக்கத்தில் காற்றுத் திறக்க ஒரு சின்னத் திருகு. விமானம் மேலே போய் இறங்கினால் காற்றழுத்தத்தில் மூடி இறுகிக்கொள்ளும், அந்தத் திருகைத் திறந்தால்தான் விடும்.

ஸ்பாஞ்சில் புது ரப்பர் செருப்பு வாசம் அடித்தது. நாலைந்து நாள் திறந்து காயப்போட்டேன். வாசம் போனதும் ஒரு மெல்லிய தேவதாரு மரத்தகட்டை அடியில் வைத்தேன். ஈரத்துக்கு ஒரு பாக்கெட் விற்கிறார்கள். உள்ளே கூழ் மாதிரி இருக்கும். காற்று காய்ந்தால் ஈரம் விடும், அதிகமானால் வாங்கிக்கொள்ளும். இறுக்கமான சின்னப் பெட்டிக்குக் கொஞ்சம் குறைந்த ஈர சதவீதம் போட்ட பாக்கெட் போதும், அதிகம் வைத்தால் சுருட்டு ஊதிப்போகும். பிறகு பூச்சி. சுருட்டு இலையில் கண்ணுக்குத் தெரியாத முட்டை இருந்தால், நம்ம ஊர் வெயிலில் அது பொரிந்து, பூச்சி துளை போட்டுவிடுமாம். அதனால் சுருட்டுகளைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, நிதானமாக வெளியே எடுத்தேன். கனகா உறைந்த மீனை எடுக்கப் போய் சுருட்டை எடுத்துவிட்டு, நம்ம கல்யாண ஆல்பத்தையாவது இப்படி ஒரு நாள் பார்த்துக்கிட்டீங்களா என்று கேட்டாள்.

ஈரமானி என்று பெட்டிக்குள் வைக்கிற ஒரு சின்னக் கடிகாரம் மாதிரிக் கருவி. அதை நம்பலாமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பாட்டில் மூடியில் உப்பை எடுத்து, கரையாமல் சேறு மாதிரி ஆகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து இறுக்கமான பையில் ஒரு நாள் வைத்தால், எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். அதைச் செய்தது இனியா. இந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் பாதிக் கதவு வழியாக. குலசாமி என்றால் என்ன என்று பல முறை விளக்கிப் பார்த்திருக்கிறேன், காதில் வாங்கமாட்டாள். ஆனால் பெரியப்பா மேல் வருகிற சாமி சுருட்டுப் பிடிக்கும் என்றதும் கதவு முழுசாகத் திறந்தது. நானும் வாரேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்கப் போனால், ஏன் வருஷ ஆரம்பத்திலேயே தேதியைச் சொல்லவில்லை என்றார்கள். அமாவாசைக் கணக்கை நான் அவர்களுக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கனகாவுக்கு லீவு இல்லை. நானும் மகளும் கிளம்பினோம்.

5

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூடி இறுகிக் கிடந்தது. நான் திருகைத் திறந்ததும் புஸ் என்று காற்று விட்டது. அவர் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே ஸ்பாஞ்சில் பதித்த கறுப்புத் தடிகளும் எண் காட்டுகிற கருவியும். இது என்ன சார் என்று கேட்டார். ரசீதை நீட்டி, சுருட்டு சார், கருப்பனுக்கு என்றேன்.

அவர் முகம் மாறியது. "எந்தக் கருப்பு? சங்கிலியா, கோட்டையா?" என்றார். சொன்னேன். எங்களுக்கும் அந்தப் பக்கந்தேன், நல்லாக் கும்புட்டு வாங்க என்று மூடிக் கொடுத்தார். இனியா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சாமி அறையில் கருப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரமானியில் எண் அருமையாக நின்றது. அண்ணன் திறந்து பார்த்து, ஒன்றை மெல்ல அமுக்கி, பிஞ்சு வெண்டக்கா கணக்கா இருக்கேடா என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்று மதினி என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நானும் இனியாவும் வண்டியூர்த் தெப்பக்குளம் பார்த்துவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சாயங்காலமாகத் திரும்பினோம். சாமி அறையில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மதினி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் சுளகு. சுளகில் ஒரு பக்கம் கூழ்வடகம், இன்னொரு பக்கம் என் சுருட்டுகள்.

"நல்லவேள நான் பாத்தேன் தம்பி. அம்புட்டும் நமத்துப் போச்சு. விட்டிருந்தா பூசணம் பிடிச்சிருக்கும். காலையிலருந்து வெயில்ல போட்டு எடுத்துருக்கேன், இப்ப மொறுமொறுன்னு இருக்கு."

ஈரம் வாங்கட்டும் என்று போட்ட பாக்கெட் வேலை செய்யாமல் ஊறிப்போய்க் கிடந்ததாம். அதைக் குப்பையில் போட்டுவிட்டாராம். புதுச் சட்டை, மாத்திரை டப்பாவில் எல்லாம் வருமே, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம், அதுதான் என்று நினைத்திருக்கிறார். குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் என்ன தப்பு? நம் வீடுகளில் அப்பளம், வத்தல், பருப்பு, பொடி என்று எல்லாவற்றையும் ஈரத்திடமிருந்து காப்பாற்றுவதுதானே வாழ்நாள் வேலை? காசு கொடுத்து ஈரத்தை உள்ளே வைப்பான் ஒருவன் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் இந்த நியாயமெல்லாம் எனக்கு இப்போது தோன்றுவது. அப்போது தலையில் கை வைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்துவிட்டோம் என்று நான் சொல்லச் சொல்ல மதினி முகம் வெளுத்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு, உங்கண்ணனுக்குத் தெரிய வேண்டாம் தம்பி என்றார். கண் கலங்கியிருந்தது. சிவராத்திரிக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

6

அந்தப் பாக்கெட் மதுரையில் உடனே கிடைக்கிற பொருள் இல்லை. இணையத்தில் தேடினால் வந்து சேரச் சிவராத்திரி தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தால் இலை வெடிக்கும். ஈரத்துணி போட்டால் ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் காயும். நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். இனியா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்பா, அந்த உப்பு டெஸ்ட்ல செவன்டிஃபைவ் காமிச்சுச்சுல்ல? அப்போ உப்பையே வச்சா என்ன?"

தமிழில் கேட்டாள். அதை நான் அப்புறமாகத்தான் கவனித்தேன். என் தொழிலே ஈரம், எனக்கு அது தோன்றவில்லை. மதினி அதற்குள் அடுக்களையிலிருந்து ஒரு கை கல் உப்போடு வந்து நின்றார். சின்னக் கிண்ணத்தில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, பெரிய எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்தோம். மேலே ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் சுருட்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, ஈரமானியைப் பக்கத்தில் வைத்து, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு பிசைந்து பூசினோம். வெயில் படாத இடமாகத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். எழுபத்தைந்து சுருட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இரண்டு நாள் உள்ளே, அரை நாள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் என்று மாற்றி மாற்றி வைத்தோம். மதினி பானையைக் கடக்கும்போதெல்லாம் சம்படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் பார்த்துவிட்டு என்ன இது என்றார். பெரியம்மா எனக்கு ஊறுகாய் போடுறாங்க என்று இனியா பட்டென்று சொன்னாள். இந்தச் சாமர்த்தியம் எங்கே இருந்து வந்ததோ.

ஐந்து நாளில் தொட்டால் அமுங்குகிற பதம் வந்தது. ஓரிரண்டில் மேலிலை வெடித்திருந்தது, ஒதுக்கினோம். ஆனால் எரித்தால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வெளியே பதமாகவும் உள்ளே சருகாகவும் இருக்கலாம். நான் புகைத்ததே இல்லை, சோதிக்க எனக்குத் தைரியமும் இல்லை. சாமிக்கு என்று எடுத்து வைத்ததை எச்சில் பண்ணவும் மனசில்லை.

சிவராத்திரிக்கு முதல் நாள் பெட்டியைத் திறந்தால், நல்ல சுருட்டில் ஒன்று குறைந்திருந்தது. இனியா எடுக்கமாட்டாள். எனக்குச் சந்தேகம் அண்ணன் மேல் போனது. இருமாமல் இருக்க மாடியில் பழகிப் பார்க்கிறாரோ? பழகி ஆடினால் அது என்ன சாமி? அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

7

சிவராத்திரி முடிந்த மறுநாள் காலையில் அருள்வாக்கு. கண்மாய்க் கரை முழுக்க வேனும் பைக்கும். உறுமி அடித்ததும் அண்ணனுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் என் அண்ணன் மாதிரியே இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். இனியா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் பெட்டியை நீட்டினேன். ஒச்சப்பன் அண்ணன் ஒரு சுருட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, ம் என்றார். சாமி அதைப் பிடுங்கி நுனியைக் கடித்துத் துப்பியது. ஒச்சப்பன் அண்ணன் நெருப்பு வைத்தார். ஒரு இழுப்பு. மதினி எனக்கு எதிர்ப்பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் வாக்கைக் கேட்க நிற்கவில்லை, இருமலைக் கேட்கத்தான் நின்றார்கள்.

இருமல் வரவில்லை. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. புகை திரண்டு வந்தது, புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. மழை, கண்மாய், யார் வீட்டுக் கல்யாணம் என்று வரிசையாக வாக்கு. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுவிட்டேன்.

அப்போது சாமி என் பக்கம் திரும்பியது. கடல் தாண்டிப் போனவனே, இந்தா என்று பாதி எரிந்த சுருட்டை நீட்டியது. சாமி கொடுத்தால் மறுக்கக் கூடாது, ஒரு இழுப்பு இழுத்தே ஆக வேண்டும். ஹ்யூமிடார் நிபுணன் அல்லவா, தெம்பாக இழுத்தேன்.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர். யாரோ முதுகில் தட்டினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிமிர்ந்தபோது ஒச்சப்பன் அண்ணன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கருப்பன் காலில் விழுந்துகொண்டிருந்தார். எழுந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, என்னைக் காட்டிச் சொன்னார்:

"பாத்துக்கங்கப்பா. மனுசன் இழுத்தா இப்பிடித்தேன் இருமுவான். அங்கன நிக்கிறது சாமி."

பெட்டி எங்கள் வீட்டிலேயே இருப்பது என்று ஆயிற்று.

சாமி மலையேறியதும் அண்ணனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "தம்பி, இருமுனேனா?" என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. இல்லண்ணே என்றேன். அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. எடுத்து ஒளித்த சுருட்டைப் பற்றி இந்த ஜென்மத்தில் கேட்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

8

கிளம்புகிற அன்றைக்கு, மதினி என் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கனத்தது. உள்ளே முறுக்கு. காத்துப் புகாத டப்பா, கனடா போற வரைக்கும் நமக்காது தம்பி என்றார். நான் சிரித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணன் வாசலில் இனியாவோடு ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு சுருட்டு," என்றார் மதினி, "நான்தேன் எடுத்தேன்."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"வெயில்ல போட்டுக் கெடுத்தது நானு. அவுக இன்னொருக்கா அம்புட்டுப் பேரு முன்னாடி தலகுனிஞ்சு நின்னா என்னால பாக்க முடியாது தம்பி. அதான் மாடிக்குக் கொண்டுபோயி ஒண்ண முழுசா இழுத்துப் பாத்தேன். இருமல் வரல. அதுக்கப்பறந்தேன் எனக்கு உசுரு வந்துச்சு."

முழுசாகவா என்று கேட்டேன். முழுசாகத்தான் என்று தலையாட்டினார். ஒரு இழுப்புக்கே நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மதினியைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

"ஒச்சப்பன் மச்சான் சொன்ன கணக்குப்படி பாத்தா எம்மேலயும் சாமி வந்துருக்கணும்ல, கொழுந்தனாரே?" என்றார். சிரிக்கவே இல்லை.

இதோ இந்த வருஷச் சிவராத்திரியும் நெருங்கிவிட்டது. இனியா டிக்கெட் விலையைத் தினமும் பார்க்கிறாள். நேற்று மதினி போனில் கூப்பிட்டார். இதையெல்லாம் எழுதப்போகிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன். எழுதுங்க, உங்கண்ணன் பேப்பர்ல கரண்ட்டு கட் எப்பன்னு மட்டுந்தேன் பாப்பாக என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தத் தடவை கொஞ்சம் பெரிய பெட்டியாக வாங்கி, நாலு சுருட்டு கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்கு மதினி கூடுதலா? அண்ணனுக்கு ஒண்ணு பத்தாதா?"

"சாமிக்குத்தேன்" என்றார்.

எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிவிட்டேன்.